ஆறாவது ஜாடி

பேய் பிசாசு என்று யாராவது பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். முப்பது வருஷம் சர்க்கார் ஆபீசில் ஃபைல் பார்த்தவளுக்கு, கையெழுத்தும் சீலும் இல்லாத எதையும் நம்பிப் பழக்கமில்லை. அப்படிப்பட்ட நான்தான் பட்டப்பகலில் என் சொந்த வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, கீழே பின்னறையிலிருந்து வரும் சத்தத்தை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு. தினமும் ஆறு. அந்த அறையில் அப்படிச் சத்தம் எழுப்பக்கூடிய ஒரே மனிதர் என் கணவர். அவர் போய் அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை.

எங்கள் வீடு திருவனந்தபுரம் கோட்டைக்குள், கோயிலுக்குப் பின்பக்கத்து அக்ரஹாரத் தெருவில் இருக்கிறது. ரயில் பெட்டி மாதிரி ஒடுங்கி நீண்ட வீடு. கூடம், சமையலறை, ஒரு நடை, நடையின் கடைசியில் பின்னறை, அதற்கும் பின்னால் கிணறு. மாடியில் எங்கள் படுக்கையறை ஒன்றுதான். கீழே பின்னறைச் சுவரை ஒட்டி மாமனாரின் கட்டில். வீட்டில் ஆட்கள் மூன்று பேர்: மாமனார், அவருடைய ஒரே பிள்ளை, நடுவில் நான். மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள்.

பாங்க் வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு வீட்டில் இருந்த என் கணவருக்கு, ஊரடங்கு சமயத்தில் போனில் எதையோ பார்த்து மிளகாய் சாஸ் பைத்தியம் பிடித்தது. கடையில் விற்கிற, வினிகர் ஊற்றிய சாஸ் இல்லை. உப்புத் தண்ணீரில் ஊறித் தானாகவே புளித்து வருவது. போனக்காட்டுப் பக்கத்திலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குக் கூடையோடு வரும் ஓர் அம்மாளிடம் காந்தாரி மிளகாய் வாங்குவார். சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும். காரமோ, காம்பு கிள்ளிய கையால் கண்ணைத் தொட்டால் ஒரு நாள் லீவு போட வேண்டியதுதான். அதை இடித்து, பூண்டு சேர்த்து, கண்ணாடி ஜாடியில் போட்டு, உப்புத் தண்ணீர் விட்டு, மிளகாய் மேலே மிதக்காமல் இருக்க ஒரு கல்லைக் கழுவிக் கொதிக்கவைத்து உள்ளே வைப்பார். கல்லும் சும்மா கல் இல்லை. பொன்முடி போகிற வழியில் கல்லாற்றில் இறங்கி, எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, இவர் முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று வழுவழுவென்று ஏழு கல் பொறுக்கினார். பார்க்கிறவர்கள் மோதிரம் தொலைந்துவிட்டதோ என்று கேட்டார்கள். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

இரண்டு நாளில் ஜாடிக்குள் முத்து முத்தாகக் குமிழி வரும். அதற்கப்புறம் தினமும் ஒரு தடவை மூடியைக் கொஞ்சம் தளர்த்தி உள்ளே சேர்ந்த காற்றை வெளியே விட வேண்டும். விடாவிட்டால் வெடிக்கும். இவர் அதைச் சாயங்காலம் நாலு மணி காபிக்கு முன்னால் செய்வார். ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம் வரும். பிறகு விரல் மோதிரத்தால் கண்ணாடியில் இரண்டு தட்டு, டிங், டிங். ஒட்டிக்கொண்டிருக்கிற குமிழி மேலே வருவதற்காம். அதன் பின் ஜாடியைப் பார்த்து, “மதியா?” என்று ஒரு கேள்வி. மதி என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் போதும். கட்டின பெண்டாட்டியை ஒரு நாளும் போதுமா என்று கேட்காத மனுஷர், மிளகாயைக் கேட்டார்.

இதில் சண்டைக்கு விதை எங்கே என்றால், பூண்டில். என் மாமனார் கோயில் காரியத்தில் நாற்பது வருஷம் இருந்தவர். பூண்டு என்ற சொல்லையே வாயால் சொல்ல மாட்டார், ‘அந்த சாதனம்’, அதாவது அந்த வஸ்து, என்பார். ஒரே பிள்ளை என்பதால், ‘அடுக்களைக்குள்ளே வரப்படாது, பின்னறையோட நிக்கணும்’ என்று விட்டுக்கொடுத்தார். அப்படி ஒரு வருஷம் ஓடியது.

மூன்று வருஷத்துக்கு முன் என் மாமியாரின் திவசம் வந்தது. அன்றைக்கு மடியாகச் சமைக்க ஆள் வரும், சாஸ்திரிகள் வருவார்கள், பின்னறையிலிருந்து பூண்டு வாசனை நடைக்கு வரக் கூடாது. என் கணவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். முதல் நாள் சாயங்காலம் எல்லா ஜாடி மூடிகளையும் கை நோக, நெருக்கித் திருகி அடைத்தார். வாசனை வரவில்லை. மறுநாள் காலை பதினொன்றரைக்கு, சமைத்த வடையும் பாயசமும் நடையில் வரிசையாக இருந்தபோது, பின்னறையில் பட்டாசு மாதிரி ஒரு வெடி. அறைக்கதவு திறந்துதான் இருந்தது. சிவப்புக் குழம்பும் பூண்டும் பறந்து வந்து திவசச் சமையல் மேலேயே விழுந்தன. வாசனை வெளியே போகாமல் இருக்க மூடினது, வீட்டுக் கூரை வரைக்கும் போயிற்று.

வந்தவர்களுக்கு அரிசியும் வாழைக்காயும் கொடுத்துத் திவசத்தை ஒப்பேற்றினோம். மாமனார் அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. விளக்கேற்றின பிறகு என்னைக் கூப்பிட்டு, “அவன்ட்ட சொல்லு. இனிமே எனக்கும் அவனுக்கும் பேச்சில்லை” என்றார். ‘அவன்’ அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

அன்று ஆரம்பித்தது எனக்கு உத்தியோகம். “அவன்ட்ட சொல்லு, கேஸ்காரன் வந்துட்டுப் போனான்னு.” “அப்பாட்ட சொல்லு, நான் பார்த்துக்கறேன்னு.” இரண்டு பேரும் ஒரே ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, முகத்தைத் தெருப்பக்கம் வைத்துக்கொண்டு, என் வழியாகப் பேசுவார்கள். பிள்ளை பேசியது காதில் நன்றாக விழுந்திருந்தாலும் மாமனார் என்னைப் பார்த்து, “என்னவாம்?” என்பார். நான் அதையே திருப்பிச் சொன்னால்தான் பதில் வரும். இரண்டு பேரையும் ஒரே சாக்கில் கட்டி ஆழியில் போடலாமா என்று எனக்குத் தோன்றாத நாள் இல்லை. மூன்று வருஷம் இந்தக் கூத்து.

அவர் போவதற்கு முந்தின சாயங்காலம் நல்ல மழை. பஸ் கிடைக்காமல், கிழக்கேகோட்டையில் முழங்கால் தண்ணீரில் நடந்து, நனைந்த புடவையோடு வீட்டுக்கு வந்தேன். பின்னறையில் அவர் ஒரு ஜாடிக்குப் பழைய துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தத் தடவை ஆறு ஜாடி போட்டிருந்தார். ஐந்து ஜாடி ஜன்னல் பக்கத்து மேடையில் வரிசையாக இருந்தன. இதை மட்டும் எதிர்ச்சுவர் அலமாரியில், மணைப்பலகை ஒன்றைப் போட்டு, தனியாக வைத்தார். எதையோ சாதித்த குழந்தை மாதிரி முகம்.

“அப்பாட்ட ஒண்ணு சொல்லணுமே” என்றார்.

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததோ. “நான் என்ன தபால்காரியா? அஞ்சடியில அப்பா உக்காந்திண்டிருக்கார். நாக்கு இருக்கோல்லியோ? நீங்களே போய்ச் சொல்லுங்கோ. இன்னிக்கு என்னால முடியாது, கேட்டேளா?” என்றேன்.

அவர் சிரித்தார். “சாரமில்லை, போனாப் போறது. நாளைக்குச் சொல்லேன்” என்று விளக்கை அணைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை காபியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு இரண்டு தடவை கூப்பிட்டேன். எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே மார்படைப்பு என்றார் டாக்டர். என்ன சொல்ல நினைத்தார் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மூன்று வருஷம் சிலிண்டரையும் பால் பாக்கெட்டையும் பற்றி ஆயிரம் சேதி சுமந்தவள், கடைசிச் சேதியை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இந்த வாய் எனக்கு எதற்கு என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது.

சாவு வீட்டில் இருக்கிற பழைய ஆகாரத்தையெல்லாம் கொட்ட வேண்டும். உறவுக்காரப் பெண்கள் தோசை மாவிலிருந்து தயிர் வரைக்கும் எடுத்துக் கொட்டிக்கொண்டே பின்னறை வாசலுக்கு வந்தார்கள். “அது என்னது, சிவப்பா?” என்று ஒருத்தி கேட்டாள். “அது சாப்பாடில்லை. அவர் ஏதோ கெமிக்கல் வெச்சிருக்கார், தொட்டா கை வெந்துடும்” என்றேன். துக்கத்தில் இருக்கிறவள் பொய் சொல்வாள் என்று யார் நினைப்பார்கள்? நடைப்பக்கத்துக் கதவைச் சாத்திக் கொண்டி போட்டேன்.

இறந்தவர் பத்து நாள் ஒரு கல்லில் இருக்கிறார் என்பது எங்கள் நம்பிக்கை. ஒரு கல்லை ஊன்றி, தினமும் அதற்கு எள்ளும் தண்ணீரும் விடுவார்கள், அவர் தாகம் தீருவதற்கு. கர்மம் செய்த அவருடைய ஒன்றுவிட்ட தம்பி, சாஸ்திரிகள் கேட்ட உடனே எங்கிருந்தோ ஒரு கல்லைக் கொண்டுவந்து கொடுத்தான். மூன்றாம் நாள்தான் நான் அதைச் சரியாகப் பார்த்தேன். வழுவழுவென்ற கறுப்புக் கல், நடுவில் நூல் கட்டின மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. கல்லாற்றில் பொறுக்கின ஏழில் மிச்சமிருந்த ஏழாவது. பின்னறை ஜன்னலில் காய வைத்திருந்ததை அவன் எடுத்து வந்திருக்கிறான். மிளகாயை அமுக்கி வைக்க இவரே தேர்ந்தெடுத்த கல்லுக்குள் இவரையே கூப்பிட்டு உட்கார்த்தியிருந்தார்கள். யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் என்னவென்று சொல்வது?

ஐந்தாம் நாள் மத்தியானம் நடையில் ஒரு கூக்குரல். ஓடிப்போய்ப் பார்த்தால், மூடியிருந்த பின்னறைக் கதவுக்கு அடியிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் வழிந்து நடைக்கு வந்திருக்கிறது. ரத்தம், ரத்தம் என்று ஒரு மன்னி சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். “கெமிக்கல்னு சொன்னேனே” என்று சொல்லிக்கொண்டே பழந்துணியால் துடைத்தேன். கதவைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மாமனார் கூடத்துக் கோடியில் நின்று, கண்புரையோடு உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பத்து நாளும் அவர் அழவும் இல்லை, பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

பத்தாம் நாள் கல்லைப் பிடுங்கி ஆழியில் போட்டார்கள். பதிமூன்றாம் நாளோடு எல்லோரும் கிளம்பினார்கள். பதினாறாம் நாள் மகளும் போனாள். பதினேழாம் நாள் மத்தியானம் நான் மாடியில் படுத்திருந்தேன். தூங்கவில்லை. தெருவில் மீன்காரனின் ஸ்கூட்டர் கூட இல்லாத நேரம், மழை விட்டுக் கொளுத்துகிற வெயில்.

கீழே ‘ஸ்ஸ்ஸ்’ என்று கேட்டது. பிறகு, டிங், டிங்.

என் காது பொய் சொல்கிறது என்று நினைத்தேன். திரும்பவும் ஸ்ஸ்ஸ். டிங், டிங். அவர் விடுகிற அதே இடைவெளி. அந்த இரண்டாவது தட்டு கொஞ்சம் மெதுவாக விழும், அதுவும் அப்படியே. மூன்று, நான்கு, ஐந்து. பிறகு கிணற்றடியில் கப்பி கிறீச்சிடுகிற சத்தம், வாளி தண்ணீரில் விழுகிற சத்தம். மாமனார் குளிக்கப் போயிருக்கிறார். கப்பி சுற்றிக்கொண்டிருக்கும்போதே, ரொம்ப நிதானமாக, ஆறாவது ஸ்ஸ்ஸ் வந்தது. டிங், டிங்.

கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு மணி.

இறங்கி ஓடினேன். பின்னறைக் கொண்டி நான் போட்டபடியே இருந்தது. கிணற்றடியில் மாமனார் தலையில் தண்ணீரை விட்டுக்கொண்டு ஏதோ ஸ்லோகம் முனகிக்கொண்டிருந்தார். அவராக இருக்க முடியாது. ஆறாவது கேட்டபோது கயிறு அவர் கையில் இருந்ததே. தவிர, பூண்டு ஜாடியைத் தொடுவதை விட அவர் தன் கையை வெட்டிக்கொள்வார்.

மறுநாளும் நாலு மணி. ஐந்து, பிறகு கப்பி, பிறகு ஆறாவது. அதற்கு மறுநாளும் அப்படியே.

அதற்கும் அடுத்த நாள் காலையில், சாமி விளக்கை ஏற்றின கையோடு, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கொண்டியைத் திறந்தேன். உள்ளே காரமும் புளிப்புமாக ஒரு வாசனை, கெட்டுப்போன வாசனை இல்லை. கிட்டத்தட்ட மூன்று வாரமாக யாரும் கவனிக்காத ஜாடிகள் வெடித்திருக்க வேண்டும், அல்லது மேலே பூசணம் பிடித்திருக்க வேண்டும். ஒன்றுமில்லை. ஒவ்வொன்றிலும் கல் கீழே இருந்தது, குமிழி மேலே வந்துகொண்டிருந்தது. வழிந்த ஜாடியை யாரோ துடைத்துக்கூட வைத்திருக்கிறார்கள். மூடிகளைத் தொட்டுப் பார்த்தேன், ஐந்தும் பதமாகத் தளர்ந்திருந்தன. திரும்பும்போது எதிர்ச்சுவரில், துண்டு சுற்றித் தனியாக இருந்ததன் மூடியையும் தொட்டேன். அதுவும் தளர்ந்திருந்தது. என் விரலுக்கு அடியிலேயே லேசாக ஒரு மூச்சு விட்டது. கதவைச் சாத்திக்கொண்டு வந்தவள் சமையலறை வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

மகளுக்குப் போன் போட்டேன். “அம்மா, அது கேஸ்ம்மா. ஃபெர்மென்ட் ஆனா கேஸ் வரும். அது தானா வெளியே போறது” என்றாள்.

“கேஸ் மோதிரத்தால தட்டுமாடி?”

“நீ வேணா ஒரு மாசம் இங்க வந்து இரும்மா” என்றாள், நோயாளியிடம் பேசுகிற குரலில். எனக்குக் கோபம் வந்து வைத்துவிட்டேன்.

நான் பயந்தது அவர் வந்திருக்கிறார் என்பதற்காக இல்லை. இதைச் சொல்லிவிடுகிறேன். அவர் வந்தால் வரட்டும், என் புருஷன், என்னை என்ன செய்துவிடுவார்? அவர் எதற்காக வருகிறார் என்பதுதான் என்னைத் தின்றது. பத்து நாள் தண்ணீர் விட்டோம், பிண்டம் போட்டோம், தாகமும் பசியும் தீர்த்து அனுப்பினோம். சொல்ல வந்ததைச் சொல்லாமல் போனதற்கு எந்த சாஸ்திரிகள் என்ன மந்திரம் வைத்திருக்கிறார்? அப்பாவிடம் சொல்ல வேண்டிய அது என்ன என்று தெரியாமல், தினமும் நாலு மணிக்குப் படியில் உட்கார்ந்து எண்ணினேன். ஐந்து வரைக்கும் பொறுத்துக்கொள்வேன். கப்பி சத்தத்துக்கு அப்புறம் வருகிற ஆறாவதுக்கு, காதைப் பொத்திக்கொள்வேன். பொத்தினாலும் கேட்டது.

இன்னொன்றையும் கவனிக்கத்தான் செய்தேன், ஆனால் மண்டையில் ஏறவில்லை. காலையில் ஒரு குளியல், அந்தியில் ஒரு குளியல் என்று வாழ்நாள் முழுக்க இருந்த மாமனார், இப்போதெல்லாம் நாலு மணிக்கும் குளித்தார். கொடியில் தினமும் ஒரு ஈரத் துண்டு கூடுதலாகத் தொங்கியது. பிள்ளையைப் பறிகொடுத்த உடம்பு எரிகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இருபத்தைந்தாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. வருகிறவர் யாராக இருந்தாலும் இன்றைக்கு நேருக்கு நேர் பார்த்துவிடுவது, என்ன வேண்டும் என்று கேட்டுவிடுவது. மூன்றே முக்காலுக்கே கீழே வந்து, கொண்டியைச் சத்தமில்லாமல் எடுத்து, கதவைக் கைப்பிடி அளவு திறந்து வைத்துக்கொண்டு நடையில் நின்றேன்.

நாலு மணிக்கு, வருஷக்கணக்கில் துருப்பிடித்துப் போனதாக நான் நினைத்திருந்த கிணற்றடிப் பக்கத்துக் கதவு, எண்ணெய் போட்ட மாதிரி ஓசையில்லாமல் திறந்தது. வெளிச்சத்துக்கு முன்னால் ஓர் உருவம், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு. அது முதல் ஜாடியருகே குனிந்தது. ஸ்ஸ்ஸ். விரல் மோதிரத்தால், டிங், டிங். பிறகு துணிக்குள்ளிருந்து, அவருடைய அதே குரல்:

“மதியா?”

அவர் குரல்தான். ஆனால் முப்பது வருஷம் கிழடாகிப்போன அவர் குரல். மாமனார்.

ஐந்து ஜாடியும் முடிகிற வரைக்கும் நின்று பார்த்தேன். கண்புரைக்காரர், ஒவ்வொன்றையும் தடவித் தடவி, வழிந்ததைத் துடைத்து, ஒவ்வொன்றையும் மதியா, மதியா என்று கேட்டார். முடித்துத் திரும்பினவர் என்னைக் கண்டதும் திருட்டுப் பால் குடித்துப் பிடிபட்ட பூனை மாதிரி நின்றுவிட்டார்.

“தோ... குளிக்கத்தான் போயிண்டிருந்தேன்” என்றார்.

“அப்பா, நீங்களா?” என்று உள்ளே போனேன்.

துணியை அவிழ்த்தார். “அன்னிக்கு அந்தச் சிவப்பு ஜலம் வந்துதே, எனக்குப் பேடி ஆயிடுத்தும்மா. திரும்பவும் வெடிக்கும்னு ஒரே பயம். இந்தத் தடவை வெடிக்கப்படாது. அவன் வெச்சிட்டுப் போனதாக்கும்.”

“இந்தத் தட்டறது, கேக்கறது எல்லாம்...”

“மூணு வருஷமா இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேட்டிருக்கேன். வேற என்ன ஜோலி எனக்கு?” என்றார். “தினம் இதைக் கேட்டுட்டுத்தான் காபி குடிப்பேன். அவனுக்குத் தெரியாது.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எட்டு நாளாக நான் செத்துப் பிழைத்ததெல்லாம் இந்தக் கிழவருக்காகவா! கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேச்சை மாற்றுவதற்காக, “சரி, பாக்கி ஒண்ணையும் திறந்துட்டுப் போங்கோ. ஆறாவது இருக்கே” என்றேன்.

“அதையா? அதை நான் தொடறதில்லையே.”

“என்னது?”

“தனியா, துணி சுத்தி வெச்சிருக்கே. என்னமோ ஏதோன்னு விட்டுட்டேன். கை வெச்சுப் பார்த்தா மூடி எப்பவும் லூஸாத்தான் இருக்கும். நீ வந்து திறக்கறேன்னு நினைச்சிண்டேன்.” என் முகத்தைப் பார்த்தார். “நீ இல்லையா?”

நான் இல்லை என்று தலையசைத்தேனா என்பதுகூட ஞாபகமில்லை. இரண்டு பேரும் மேடைப் பக்கம் நின்றிருந்தோம், கைகள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. எதிர்ச்சுவர் அலமாரியிலிருந்து, நிதானமாக, ஸ்ஸ்ஸ். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு டிங். பிறகு, சற்று மெதுவாக, டிங்.

உள்ளே காற்று கல்லைத் தூக்கிவிட்டால் அது கண்ணாடியில் இடித்து அப்படிக் கேட்கும் என்று மகள் பிற்பாடு சொன்னாள். இருக்கலாம். அந்த நிமிஷத்தில் அந்த அறையில் நின்றவள் அவள் இல்லை. மாமனார் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஜில்லென்று இருந்தது அந்தக் கை.

நான்தான் போனேன். அவரையும் இழுத்துக்கொண்டு போனேன் என்று சொல்ல வேண்டும், அவர் கையை விடவில்லை. சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தேன். மற்ற ஐந்து ஜாடியிலும் சீட்டு ஒட்டி மலையாளத்தில் தேதியும் உப்பு அளவும் எழுதியிருப்பார், அவர் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து அதுதான். தமிழ் எழுதச் சொன்னால் தடவுவார். இதில் ஒட்டியிருந்த சீட்டில் தமிழ் இருந்தது. கறுப்பு மார்க்கரில், கண்புரை விழுந்த கண்ணுக்கும் தெரிகிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தும் கட்டை விரல் உயரத்துக்கு. ஜாடிக்குள்ளே மிளகாய் இருந்தது, நெல்லிக்காய் இருந்தது, இஞ்சி இருந்தது. மற்றவற்றோடு படாமல் இருக்கத்தான் பலகை போட்டுத் தனியாக வைத்திருக்கிறார்.

மாமனார் குனிந்து சீட்டைப் பார்த்தார். எழுத்து தெரிந்திருக்க வேண்டும், அத்தனை பெரிசு. ஆனால் நிமிர்ந்து, மூன்று வருஷப் பழக்கத்தில், என்னைத்தான் பார்த்தார்.

“அப்பா, உங்க பிள்ளை உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னார். நான்தான் அன்னிக்கு மாட்டேன்னுட்டேன்” என்றேன்.

“என்னவாம்?”

“அப்பாவுக்கு, பூண்டு இல்லை, அப்படீன்னு எழுதியிருக்கார். இது உங்களுக்காகப் போட்டதாம்.”

அவர் சீட்டை விரலால் தடவினார். பின்பு, “அவன்ட்ட சொல்லு...” என்று ஆரம்பித்தார். ஆரம்பித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. என்னைப் பார்த்தார், நான் என்ன செய்ய? எடுத்துக்கொண்டு போய்ச் சேர்க்கிற வழி எனக்கும் இல்லை. அவர் என் கையை விட்டுவிட்டு ஜாடியின் பக்கம் திரும்பினார். இரண்டு உள்ளங்கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, நெற்றி கண்ணாடியில் படுகிற அளவுக்குக் குனிந்து, பிள்ளையிடம் நேராகப் பேசினார்.

“மதிடா” என்றார். “மதி.”

அன்று அவர் அழுததை நான் எழுதப் போவதில்லை.

மறுநாள் நாலு மணிக்கு நான் மாடிப்படியில் உட்கார்ந்தேன். ஐந்து தடவை கேட்டது. பிறகு கப்பி சுற்றியது, வாளி விழுந்தது. நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. ரொம்ப நேரம் இருந்தேன். கிணற்றடியிலும் சத்தம் நின்றுபோய், கொஞ்ச நேரத்தில் மாமனார் ஈரத் துண்டோடு நடைக்கு வந்து, படியில் இருந்த என்னை அண்ணாந்து பார்த்தார்.

“உனக்குக் கேட்டுதா?” என்றார்.

“இல்லைப்பா” என்றேன்.